கொறடா உத்தரவும் தொகுதியின் குரலும்: வாசகர் கேள்வி – பதில்

கட்சிகள், நாடாளுமன்றம், கட்சித் தாவல் ஆகியவை பற்றி வந்த கேள்விகள் இந்த முறை அதிகமாக இருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பலர் ஒரே பொருளில் கேட்டிருந்தவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எந்த மசோதா வந்தாலும் உறுப்பினர்கள் கட்சி சொன்னபடியேதான் வாக்களிக்கிறார்கள். அப்படியிருக்க, வேட்பாளரின் தகுதியைப் பார்த்து வாக்களிக்க வேண்டும் என்று சொல்வதற்கு என்ன பொருள்? கட்சிக்கே வாக்களித்துவிட்டுப் போகலாமே? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்கும் உண்டு. உறுப்பினர்கள் கட்சி சொன்னபடி வாக்களிப்பதற்கு அவர்களுடைய பயமோ பணிவோ மட்டும் காரணம் இல்லை. அரசியல் சட்டமே அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1967 பொதுத் தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. அதையடுத்து ஹரியாணா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உறுப்பினர்கள் கட்சி மாறியதாலேயே அதே ஆண்டில் அரசுகள் கவிழ்ந்தன. ஹரியாணாவின் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார்; ‘ஆயா ராம், கயா ராம்’ (ராம் வந்தார், ராம் போனார்) என்ற சொற்றொடர் அவரால்தான் நாடெங்கும் பரவியது. உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவான் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அது 1969-ல் அறிக்கை தந்தது. 1973-லும் 1978-லும் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை. இதற்கிடையில் 1980 ஜனவரியில் ஹரியாணா முதல்வர் பஜன்லால் தம் ஜனதா அமைச்சரவையோடு அப்படியே காங்கிரஸுக்குப் போய்ச் சேர்ந்தார். ராஜீவ் காந்தி பெரும் வெற்றியோடு ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1985-ல், 52-வது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டம் இரண்டு செயல்களைக் குற்றமாக்கியது. ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட கட்சியின் உறுப்பினர் பதவியைத் தாமாக விட்டுவிடுவது. மற்றொன்று, கட்சியின் உத்தரவுக்கு (அவையில் அதை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கும் கட்சிப் பொறுப்பாளர்தான் கொறடா) மாறாக அவையில் வாக்களிப்பது, அல்லது முன் அனுமதியின்றி வாக்களிக்காமல் இருப்பது. பதினைந்து நாட்களுக்குள் கட்சி அதை மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவி போகும் நிலை வரும். முதல் செயலைத் தடுத்ததில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஒரு சின்னத்தில் வாக்குக் கேட்டு வென்றவர், மக்களிடம் திரும்பிப் போகாமல் எதிரணியில் உட்காருவது மோசடிதான். இரண்டாவதில்தான் சட்டம் தன் எல்லையைக் கடந்துவிட்டது. அரசைக் கவிழ்க்கும் வாக்கு, அரசைத் திருத்தும் வாக்கு என்ற வேறுபாட்டை அது பார்க்கவில்லை. மீன்பிடித் துறைமுகம் பற்றிய மசோதாவானாலும், தகவல் உரிமைச் சட்டத்தில் திருத்தமானாலும், நம்பிக்கை வாக்கெடுப்பானாலும் கொறடா உத்தரவு ஒன்றுதான், மீறினால் கிடைக்கும் தண்டனையும் ஒன்றுதான்.

பாகிஸ்தான் அரசியல் சட்டத்திலும் இதுபோன்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே பிரதமர் அல்லது முதல்வர் தேர்வு, நம்பிக்கை மற்றும் நம்பிக்கையில்லாத் தீர்மானம், நிதி மசோதா, அரசியல் சட்டத் திருத்தம் ஆகியவற்றில் மாற்றி வாக்களித்தால்தான் பதவி பறிபோகும். நம்முடைய சட்டம் அதைவிடக் கடுமையானது. கட்சி என்ற அமைப்பைப் பற்றி 1985 வரை ஒரு சொல்கூடப் பேசாதிருந்த நம் அரசியல் சட்டம், முதன்முதலாக அதைப் பற்றிப் பேசியபோது, உறுப்பினர் மீது கட்சிக்கு இருக்கும் அதிகாரத்தை எழுதியது. கட்சி மீது மக்களுக்கும் தொண்டர்களுக்கும் உள்ள உரிமையைப் பற்றி எழுதவில்லை. இன்றைய கட்சி அரசியலின் பல குறைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கேள்வியின் பிற்பகுதிக்கு வருகிறேன். வேட்பாளரின் தகுதி இன்னமும் பொருளற்றுப் போகவில்லை. மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுக்களின் கூட்டங்களில் கொறடா உத்தரவு கிடையாது. கேள்வி நேரத்தில் என்ன கேட்பது என்பதும், தொகுதிப் பிரச்சினையை எப்படி எழுப்புவது என்பதும் உறுப்பினரின் உழைப்பையும் அறிவையும் சார்ந்தவை. கட்சிக்குள் ஒரு முடிவு உருவாகும் முன்பே மறுத்துப் பேசுகிற துணிவும் தனிமனிதரிடம்தான் இருக்கிறது. ஆகவே ஆளைப் பார்த்தும் வாக்களியுங்கள்.

கேள்வி: நாம் பின்பற்றுவது பிரிட்டன் முறை என்கிறார்கள். அங்கேயும் கொறடா உண்டல்லவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: உண்டு. கொறடா என்ற பதவியே அங்கிருந்து வந்ததுதான். முக்கியமான வாக்கெடுப்புக்கு மூன்று கோடிட்ட உத்தரவு அனுப்புவார்கள். அதை மீறுவது கடுமையான ஒழுங்கு மீறல். ஆனால் மீறியவரைக் கட்சி தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கலாமே தவிர, அவருடைய தொகுதியை அவரிடமிருந்து பறிக்க முடியாது. தொகுதியைக் கொடுத்தவர்கள் வாக்காளர்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுடையது.

இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதற்குச் சில நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2019 ஜனவரி 15 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்குப் பிரதமர் தெரசா மே செய்திருந்த உடன்பாடு 202-க்கு 432 என்ற வாக்குகளில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் 118 பேர் அவருடைய கட்சிக்காரர்கள். அடுத்த நாளே எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அதே கட்சிக்காரர்கள் பிரதமரை ஆதரித்து, அரசைக் காப்பாற்றினார்கள். கொள்கையை எதிர்ப்பது வேறு, அரசைக் கவிழ்ப்பது வேறு என்பதை இருபத்து நான்கு மணி நேரத்தில் அந்த அவை நடத்திக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் போரிஸ் ஜான்சனை எதிர்த்து வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆனால் அவையில் தொடர்ந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள், வாக்களித்தார்கள்.

தொழிற்கட்சி 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த சில நாட்களில், குடும்பத்தில் இரண்டு குழந்தைகளுக்கு மட்டுமே உதவித்தொகை என்ற வரம்பை நீக்கக் கோரும் திருத்தத்தை ஆதரித்ததற்காக ஏழு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தது. 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில் அதே அரசு அந்த வரம்பை நீக்குவதாக அறிவித்தது. ஏழு பேர் பதவி இழந்து வீட்டுக்குப் போயிருந்தால் அந்தக் கோரிக்கை அவைக்குள் உயிரோடு இருந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். 2025 கோடையில் மாற்றுத் திறனாளிகளுக்கான உதவிகளைக் குறைக்கும் மசோதாவுக்கு எதிராக 120-க்கும் மேற்பட்ட ஆளும் கட்சி உறுப்பினர்கள் கையெழுத்திட்டபோது, அரசு வாக்கெடுப்புக்கு முன்பே பெருமளவு பின்வாங்கியது. பெரும் பெரும்பான்மை கொண்ட அரசைக்கூடச் சொந்தக் கட்சியினர் அவைக்குள் இருந்தபடியே திருத்த முடிகிறது.

பிரிட்டனில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கட்சித் தொண்டர் எண்ணிக்கை அங்கே பல பத்தாண்டுகளாகச் சரிந்து வந்திருக்கிறது. மக்களின் நம்பிக்கையும் குறைந்திருக்கிறது. ஆனால் ஆளும் கட்சியின் பின்வரிசை, அதாவது அமைச்சர் பதவியில் இல்லாத உறுப்பினர்கள், என்ற ஓர் அரசியல் சக்தி அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.

கேள்வி: இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் கட்சித் தாவல் நின்றதாகத் தெரியவில்லையே? (வணிகர், ஈரோடு)

பதில்: நிற்கவில்லை. தனியாகப் போவதுதான் தடுக்கப்பட்டது. கூட்டமாகப் போவதற்குச் சட்டத்திலேயே வாசல் இருந்தது. தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது ‘பிளவு’ என்று ஏற்கப்பட்டது. 2003-ல் 91-வது திருத்தம் அதை நீக்கியது. அதே திருத்தம் அமைச்சரவையின் அளவை அவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது. பதவி ஆசை காட்டி ஆள் இழுப்பதைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து இன்னொரு கட்சியில் ‘இணைந்தால்’ தகுதியிழப்பு இல்லை என்ற விலக்கு நீடிக்கிறது. 2016 செப்டம்பரில் அருணாசலப் பிரதேசத்தில் முதல்வர் பேமா காண்டு உட்பட 43 காங்கிரஸ் உறுப்பினர்கள் ஒரே நாளில் ஒரு மாநிலக் கட்சிக்குப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் பெரும்பாலோர் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார்கள். 2019-ல் தெலங்கானாவில் காங்கிரஸின் 18 உறுப்பினர்களில் 12 பேர் ஆளும் தெலங்கானா ராஷ்டிர சமிதியிலும், கோவாவில் 15 பேரில் 10 பேர் பாரதிய ஜனதாவிலும் இணைந்தார்கள்.

இரண்டாவது வழி ராஜினாமா. கர்நாடகத்தில் 2019-ல் ஆளும் கூட்டணியின் 17 உறுப்பினர்கள் பதவி விலக முன்வந்து அரசு கவிழ்ந்தது. சபாநாயகர் அவர்களைப் பேரவையின் காலம் முடியும்வரை தகுதிநீக்கம் செய்தார். தகுதிநீக்கத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், மீண்டும் போட்டியிடத் தடை விதித்ததை ஏற்கவில்லை. அவர்களில் பலர் இடைத்தேர்தலில் புதிய கட்சியின் சின்னத்தில் நின்று வென்றார்கள். 2020 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தில் 22 காங்கிரஸ் உறுப்பினர்கள் விலகியதில் கமல்நாத் அரசு போனது.

மூன்றாவது குறை எல்லாவற்றையும்விடப் பெரியது. தாவல் நடந்ததா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கிறது. அவர் ஆளும் கட்சியால் தேர்ந்தெடுக்கப்படுபவர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்து வாக்களித்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படாமல் மூன்று ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் அவர்கள் ஆளும் தரப்போடு இணைந்துவிட்டிருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 உறுப்பினர்கள் செப்டம்பர் 18 அன்று, ஒரு மாதத்துக்குள், தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதி செய்து, 2019-ல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்தத் தொகுதிகளின் மக்களுக்குப் பேரவையில் குரல் இல்லை. எந்தத் தரப்பு சரி என்பதை விட்டுவிடுங்கள். ஒரே பேரவையில், ஒரே சபாநாயகரிடம், ஒரு மனு வாரங்களிலும் இன்னொரு மனு ஆண்டுகளிலும் நகர்ந்தது என்பது மட்டுமே இந்த அதிகாரம் அவரிடம் இருக்கக் கூடாது என்பதற்குப் போதும்.

1992-ல் கிஹோட்டோ ஹொல்லொஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதே, சபாநாயகரின் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்றது. அந்த அமர்வில் இருவர், இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடம் விடக் கூடாது என்று மாறுபட்டார்கள். 2020-ல் மணிப்பூர் வழக்கில், மனுக்களைப் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும், சுதந்திரமான தீர்ப்பாயம் ஒன்றை அமைப்பது பற்றி நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. எந்த அரசும் அதைச் செய்ய முன்வரவில்லை.

கேள்வி: கட்சியிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பினராவது மனசாட்சிப்படி வாக்களிக்கலாமா? (சட்ட மாணவர், மதுரை)

பதில்: இதற்கான முக்கியத் தீர்ப்பே தமிழ்நாட்டு வழக்கில் வந்ததுதான். அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட பின் வேறு கட்சியில் சேர்ந்த ஜி. விஸ்வநாதன் வழக்கில், நீக்கப்பட்டாலும் அவர் தம்மை நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவார், இன்னொரு கட்சியில் சேர்ந்தால் பதவி இழப்பார் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சி அவரை வேண்டாம் என்று வெளியே அனுப்பலாம். அவர் கட்சியை விட்டு விலக முடியாது. நீக்கப்பட்டவரைக் கொறடா உத்தரவு கட்டுமா என்ற கேள்வி, சமாஜ்வாதி கட்சியிலிருந்து 2010-ல் நீக்கப்பட்ட அமர்சிங், ஜெயப்பிரதா வழக்கில் எழுந்து, அவர்களுடைய பதவிக்காலமே முடிந்துவிட்டதால் விடை காணாமல் போயிற்று.

கேள்வி: கொறடாவின் பிடியைத் தளர்த்தினால் பணம் கொடுத்து உறுப்பினர்களை வாங்குவது இன்னும் பெருகாதா? (வாசகர், திருவள்ளூர்)

பதில்: நியாயமான அச்சம். 2008 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது மக்களவைக்குள்ளேயே பணக்கட்டுகளைக் காட்டிய காட்சியை நாடு மறந்திருக்காது. ஆனால் அந்தக் காட்சி நடந்தபோது இந்தச் சட்டம் முழு வலுவோடு நடைமுறையில் இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அரசைக் கவிழ்க்கவோ காப்பாற்றவோ உதவும் வாக்குக்குத்தான் பெரிய விலை பேசப்படுகிறது. அந்த வாக்குகளின் மீது கொறடாவின் பிடி இருக்கட்டும் என்றே நானும் சொல்கிறேன்.

இது புதிய யோசனையும் அல்ல. தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே, கட்சியைத் தாமாக விட்டு விலகுவதற்கும், நம்பிக்கை தொடர்பான வாக்கெடுப்புகளில் கட்சிக்கு எதிராக நடப்பதற்கும் மட்டுமே தகுதியிழப்பை வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. தகுதியிழப்பு பற்றிய முடிவைத் தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ எடுக்கலாம் என்பதும் அக்குழுவின் கருத்து. காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி 2010-லும், பின்னர் எதிர்க்கட்சி வரிசையிலிருந்தும் இதே நோக்கில் தனிநபர் மசோதாக்களை (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருபவை) கொண்டுவந்தார். அவருடைய கட்சி ஆண்டபோதும் அது சட்டமாகவில்லை, ஆளாதபோதும் ஆகவில்லை. இந்தப் பிடி தளர்வதை எந்தக் கட்சித் தலைமையும் விரும்பவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கேள்வி: கட்சிகளுக்குள் உட்கட்சித் தேர்தல் நடக்கிறது என்று தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். நாங்கள் பார்ப்பதோ போட்டியின்றித் தேர்வு மட்டுமே. இதைக் கேட்க யாருமில்லையா? (கட்சித் தொண்டர் என்று மட்டும் குறிப்பிட்டிருக்கும் வாசகர், விழுப்புரம்)

பதில்: பெயரை எழுதத் தயங்கியிருக்கிறீர்கள்; காரணம் புரிகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசியல் சட்டத்துக்கும் ஜனநாயகத்துக்கும் உண்மையாக இருப்போம் என்று உறுதி தர வேண்டும். ஆனால் அந்த உறுதியை மீறினால் பதிவை ரத்து செய்யும் அதிகாரம், மோசடியாகப் பதிவு பெற்றது போன்ற மிகச் சில சூழல்களைத் தவிர, ஆணையத்துக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2022-ல் ஆந்திரத்தின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கட்சி தன் தலைவரை நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததாகச் செய்தி வந்தபோது, அது ஜனநாயகத்துக்கு எதிரானது என்று ஆணையம் கண்டித்தது. அதற்கு மேல் செய்ய அதனிடம் கருவி இல்லை. 2025 ஆகஸ்டில் ஆறு ஆண்டுகளாகத் தேர்தலிலேயே நிற்காத 334 கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது; நல்ல காரியம்தான், ஆனால் நீங்கள் கேட்பது பெரிய கட்சிகளைப் பற்றி.

காங்கிரஸ் 2022 அக்டோபரில் தலைவர் பதவிக்கு உண்மையாகவே போட்டி நடத்தியது. மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகளும் சசி தரூர் 1,072 வாக்குகளும் பெற்றார்கள். வாக்காளர் பட்டியல் வெளிப்படையாக இல்லை என்ற புகார் போட்டிக்கு முன்பே கட்சிக்குள் எழுந்தது. இருந்தாலும் தோற்றவருக்கும் கணிசமான வாக்குகள் விழுந்தன, எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே போட்டி நடந்தது 2000-ல். மற்ற பெரும்பாலான கட்சிகளில் இந்த அளவுகூட இல்லை. தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கழகங்களிலும் தலைமைக்குக் கடைசியாக எண்ணப்பட்ட வாக்குகள் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நெடுங்காலமாக எண்ணும் நிலையே வரவில்லை. வேட்பாளர் தேர்வில் கிளைத் தொண்டருக்கு வாக்கு இல்லை. நேர்காணல் நடக்கிறது, முடிவு தலைமையிடம் இருக்கிறது.

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 21-வது பிரிவில், கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயகக் கோட்பாடுகளுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்றும், தங்கள் நிதியின் மூலத்தையும் செலவையும் சொத்தையும் பகிரங்கமாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. 38-வது பிரிவு, உறுப்பினர்கள் முழு மக்களின் பிரதிநிதிகள், எந்த உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்கிறது. 1967-ல் கட்சிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். தேர்தல் சட்டப்படி வேட்பாளர்களைக் கட்சி உறுப்பினர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே தலைவரின் கட்சி நாட்டை எங்கே கொண்டுபோய்விட்டது என்பதைப் பட்டறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. நாமோ கடிவாளத்தை உறுப்பினருக்குப் போட்டுவிட்டு, அதன் நுனியைப் பிடித்திருப்பவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று கேட்காமல் விட்டிருக்கிறோம்.

உட்கட்சித் தேர்தலைக் கட்சிக்கு வெளியே உள்ள, சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பு நடத்த வேண்டும் என்பதும், அது நடக்காத கட்சிக்கு வருமான வரி விலக்கு தரக் கூடாது என்பதும் நான் பல ஆண்டுகளாக எழுதிவரும் கோரிக்கைகள். சின்னத்தைப் பறிக்கச் சொல்லவில்லை; அது வாக்காளர்களைத் தண்டிப்பதாகும்.

கேள்வி: தேர்தல் பத்திரங்கள் ரத்தான பிறகு கட்சி நிதி சீரடைந்ததா? (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: ஒரு கதவு மூடப்பட்டிருக்கிறது. கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காக 2018 முதல் பாரத ஸ்டேட் வங்கி வழியாக விற்கப்பட்ட பத்திரங்களின் மதிப்பு 16,000 கோடி ரூபாய்க்கும் மேல். கொடுத்தவர் யார் என்பதை வாக்காளர் அறிய முடியாத இந்த ஏற்பாட்டை 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக ரத்து செய்தது. விவரங்கள் வெளியானபோது, மற்ற எல்லாக் கட்சிகளையும்விடப் பெரும் பங்கு பாரதிய ஜனதாவுக்குப் போயிருந்தது தெரிந்தது. மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது உங்கள் ஊரோடு தொடர்புடைய ஒரு லாட்டரி நிறுவனம் என்பதும், அதில் பெரும்பகுதி மாநிலங்களை ஆளும் கட்சிகளுக்குப் போனது என்பதும் தெரிந்தன.

ஆனால் 2,000 ரூபாய்க்குக் குறைவான ரொக்கம் என்று கணக்கெழுதினால் கொடுத்தவர் பெயர் வேண்டியதில்லை என்ற நிலை தொடர்கிறது. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. கட்சி செலவிடுவதற்கு வரம்பே கிடையாது. தேர்தல் செலவு தலைமையின் கையிலிருந்து வருகிறபோது, கொறடா உத்தரவு இல்லாவிட்டாலும் உறுப்பினர் தலைமையை எதிர்க்கத் தயங்குவார். கட்சித் தாவல் சட்டத்தை மட்டும் திருத்தினால் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

கேள்வி: விகிதாசார முறை வந்தால் இவையெல்லாம் தீருமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: கட்சி பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைத் தருவது அந்த முறை. அதனால் வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் 44 சதவீத வாக்குகளுக்கு அ.தி.மு.க. 39-ல் 37 இடங்களைப் பெற்றது. ஏறத்தாழ 24 சதவீதம் பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. ஆனால் கட்சி தரும் பட்டியலிலிருந்து உறுப்பினர்கள் தேர்வாகும் கட்சிப் பட்டியல் முறையில், பட்டியலை எழுதுபவரின் அதிகாரம் இன்னும் கூடும். உட்கட்சி ஜனநாயகம் வராமல் அந்த முறைக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் தொகுதி உறுப்பினர் ஒரு மசோதாவில் எப்படி வாக்களித்தார் என்பதை நான் எங்கே தெரிந்துகொள்வது? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: பெரும்பாலான மசோதாக்களில் தெரிந்துகொள்ளவே முடியாது. நம் அவைகளில் வழக்கமாகக் குரல் வாக்கெடுப்புதான். ‘ஆம்’ என்போர் குரலும் ‘இல்லை’ என்போர் குரலும் கேட்டு, எது மிகுதி என்று தலைமையில் இருப்பவர் அறிவிக்கிறார். யார் எந்தப் பக்கம் என்ற பதிவு இல்லை. அந்த அறிவிப்பை உறுப்பினர் ஒருவர் மறுத்துக் கேட்டால் பெயர்வாரியாக வாக்குகளைப் பதிய வேண்டும் என்பது விதி. அரசியல் சட்டத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் அங்கே பதிவு கட்டாயம். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது நமக்குத் துல்லியமாகத் தெரிவதும் அதனால்தான். ஆனால் 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது, எதிர்க்கட்சிகள் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டும், அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பிலேயே அவை நிறைவேற்றப்பட்டன. நாட்டின் விவசாயிகளில் பெரும்பகுதியினரைத் தொடும் சட்டத்தை, தம் மாநிலத்திலிருந்து சென்ற எந்த உறுப்பினர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்று எந்த விவசாயியும் அவைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது. ஓராண்டுக்கும் மேல் நடந்த போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

அவைக்குள் ஆராய்வதற்கான நேரமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. 17-வது மக்களவை 274 நாட்கள். 15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17-வதில் 16 சதவீதம் மட்டுமே. கட்சி உத்தரவு கட்டாத இடம் குழுக்கள்தான் என்று முதல் பதிலில் சொன்னேன்; சுருங்கியிருப்பது அந்த இடம்தான்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக் கூடியவை சில உண்டு. நாடாளுமன்ற இணையதளத்தில் உங்கள் உறுப்பினரின் வருகைப் பதிவு, அவர் எழுப்பிய கேள்விகள், விவாதங்களில் பேசியவை, அவர் இடம்பெற்ற நிலைக்குழுவின் அறிக்கைகள் ஆகியவை கிடைக்கும். குழு அறிக்கையின் பின்னிணைப்பில் மாற்றுக் கருத்துக் குறிப்பு இருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள். நம் நாட்டில் உறுப்பினர் ஒருவர் தம் பெயரிட்டு, தம் மொழியில் கருத்தைப் பதிவு செய்யும் அரிய இடம் அது. பெயர்வாரி வாக்கெடுப்பு நடந்த நாட்களில் அவை நடவடிக்கைக் குறிப்பில் பெயர்ப் பட்டியல் வெளியாகும். மற்ற மசோதாக்களைப் பொறுத்தவரை, உங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, ஆதரித்தாரா, எதிர்த்தாரா, அன்று அவையில் இருந்தாரா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். இந்தப் பகுதியில் வெளியிடுகிறோம்.